உள்ளங்கையில் எழுதிய மின்னல்

ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறையில் வடை விற்கும் பவானியின் வலது உள்ளங்கையில் மின்னல் இறங்கியது, வெங்காய விலை ஏறிய அதே வாரத்தில். அவள் அப்போது வண்டிக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கை பொசுங்கவில்லை, வளையல் உருகவில்லை. சட்டியில் கிடந்த வடைகள் மட்டும் ஒரு பக்கம் கூடுதலாகச் சிவந்தன. விரித்துப் பார்த்தபோது உள்ளங்கையில் கறுப்பாக ஒரு சீன எழுத்து இருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. கையை மூடினால் சாதாரணக் கை. விரித்தால் எதிர்ச்சுவர் பளீரென்று வெளுத்தது.

எழுத்தைப் படித்துச் சொன்னவர் பக்கத்துத் தெருவில் ஊதுவத்தியும் சாமிக்கு எரிக்கும் தங்கத்தாளும் விற்கிற சீன அம்மாள், டோ ஷின் மே. அந்த ஊரில் பெரியவளை டோ என்றும் இளையவளை மா என்றும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். மேலே இருப்பது மழை, உள்ளே நான்கு புள்ளிகளும் துளிகள் என்றார். கீழே கட்டம் போட்டு வால் வளைந்து தொங்குவதுதான் மின்னல். சீனர்கள் எலும்பில் கீறி எழுதிய பழங்காலத்தில் அதற்கு மழையும் கிடையாது, கட்டமும் கிடையாது. வானத்தில் கிளைவிட்டு ஓடும் கோட்டை மட்டும் வரைந்தார்களாம். பிறகு அந்தக் கோட்டின் பக்கத்தில் ஒரு பலிபீடத்தைச் சேர்த்தார்கள், அது தெய்வம் என்றாயிற்று. மேலே இருப்பவரிடம் முறையிடுவதற்கும் அந்தக் கோடே எழுத்து. ஒரு கதையும் சொன்னார். இடிச்சாமி ஒருமுறை இருட்டில் ஆள் தெரியாமல், ஒரு பாவமும் அறியாத பெண்ணை அடித்துக் கொன்றுவிட்டார். வானம் வருந்தி அவளையே மின்னல் அம்மனாக்கி, கையில் கண்ணாடிகளைக் கொடுத்து அவருக்கு முன்னால் நடக்க வைத்தது. அன்று முதல் வெளிச்சம் முன்னே, அடி பின்னே.

"அடிக்கிறது அவர் வேலை, மா பவானி. கண்ணாடி பிடிக்கிறதுதான் உன் வேலை."

"எனக்குக் கண்ணாடி வேணாம், டோ ஷின் மே. இடிதான் வேணும்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கிடங்கு மேஸ்திரி இராமையா, உளுந்து மூட்டை காணாமல் போன வழக்கில் அவள் புருஷன் சிவராஜைக் கைகாட்டியவன். அதன்பிறகு எந்தத் துறையிலும் சிவராஜை மூட்டை தூக்க விடவில்லை. கோயில் திருவிழாவில் தேர்வடத்தைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டார்கள். அந்த வருஷமே நெஞ்சு அடைத்துச் செத்தான். திருடன் என்ற பெயர் சாகவில்லை.

பவானி தாமுவே பேட்டைக்குப் போய் இராமையாவின் வாசலில் கையை விரித்தாள். மின்னல் உள்ளே போய் நடுக்கூடத்தில் வெள்ளைத் தூண்போல நின்றுகொண்டது. சத்தமில்லை, சூடில்லை, அணையவுமில்லை. இராமையா சாக்குப் போட்டு மூடினான், அர்ச்சகரை அழைத்தான், போர்வைக்குள் புகுந்தான். இமையைத் தாண்டியும் வெளிச்சம் வந்தது. மழைக்காலம் பாதி போவதற்குள் கன்னம் ஒட்டிக் கிழவனானான். வாரம் தவறாமல் எதிர்வாசலில் நின்று அதைப் பார்ப்பது பவானிக்குக் கரும்பாக இனித்தது. ஒன்றுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கரண்டு போகும் மாலைகளில் தெருப் பிள்ளைகள் புத்தகத்தோடு அங்கே போய் உட்கார்ந்தார்கள், இராமையாவும் பாய் விரித்துக் கொடுத்தான்.

கடைசியில் ஒரு மாலை இடியும் வந்தது. தாமுவேயின் கூரைகளுக்கு மேல் உறுமிக்கொண்டு, இடம் காட்டச் சொல்லிக் காத்து நின்றது. பவானி நடுத்தெருவில் நின்று கையை உயர்த்தினாள். இராமையா அவளைப் பார்த்தான், எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டான். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எதிர்வீட்டுப் படியில் விடத் தொடங்கினான்.

"சித்த பொறு தாயி, இதுகள அனுப்பிட்டு வர்றேன்," என்றான். பிறகு தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "எல்லாரும் கேட்டுக்கங்க. உளுந்து மூட்டைய எடுத்தது என் மருமவன். அவனக் காப்பாத்த சிவராஜ் பேரச் சொன்னது நான்."

பாயில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இடி கீழே இறங்கிவிட்டது. இடி இடிக்கும்போது அர்ச்சுனன் பெயரைச் சொன்னால் அது விலகிப்போகும் என்பது ரங்கூன் தமிழர் கப்பலேறி வந்தபோதே வாயில் கொண்டுவந்த பழக்கம். மனம் கொல்லச் சொல்லிக்கொண்டிருக்கையில் பவானியின் வாய் தன் பாட்டுக்கு, "அர்ச்சுனா, அர்ச்சுனா," என்றது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய வார்த்தையை இடி மீறவில்லை; திரும்பிப் போய் ஆற்றில் விழுந்தது. பவானி தன் வாயிலேயே அறைந்துகொண்டு அழுதாள். அவள் வாயில் வந்து பேசியது கடவுள்தான் என்று டோ ஷின் மே ஊதுவத்தி ஏற்றினார்.

மறுநாளிலிருந்து இராமையா துறை துறையாகப் போய், தெருவில் சொன்னதையே சொன்னான். சிலர் காறித் துப்பினார்கள், சிவராஜை விரட்டிய மேஸ்திரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பவானி அவனை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவனும் கேட்கவில்லை. மின்னல் அங்கேயே நிற்கிறது. தாமுவேயில் இப்போது வழி கேட்டால், தண்ணீர்க் குழாயைத் தாண்டி, மின்னல் நிற்கிற வீட்டுக்கு அடுத்த சந்து என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.