வெள்ளைக் கோடு

1
இந்தக் கதைக்கு வித்து ஒரு பிளந்த பீரங்கிக் குழாய். முப்பது வருஷமாக நான் குடியிருக்கும் இந்த ஆங்கிலேயத் துறைமுகத்தில், கிட்டங்கிச் சுவரோரம் கிடந்தது. ஒரே குழாயில் இரண்டு குண்டு திணித்து வெடித்ததாம். எப்படி ஐயா திணிப்பார்கள் என்றேன். காவல்காரனுக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் என் புளுகு.

2
'அன்று கடல் அமைதியாக—'

வேண்டாம். கடல் எப்படி இருந்தால் என்ன?

போர்க்கப்பலின் சுழல்மேடையில் இரட்டைப் பீரங்கி. பக்கத்துக் கப்பலோடு பந்தயம் கட்டி வேகப் பயிற்சி. இரண்டும் ஒன்றாக வெடிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதில் ஒன்று வெடிக்கவேயில்லை. யாரும் கவனிக்கவில்லை.*

3
கீழ்த்தளத்தில் ஜெத்ரோ பென்ஹேல். சாய்ந்து வரும் குழாயின் வாய்க்குள் மருந்தையும் குண்டையும் இயந்திரக் கம்பியால் தள்ளுவது அவன் வேலை. கம்பியிலுள்ள வெள்ளைக் கோடு உள்ளே மறைந்தால், குண்டு அடிவரை போய்விட்டது என்று அர்த்தம்.

இப்போது கோடு ஒரு முழம் வெளியே நிற்கிறது.

(கணக்குப்படி ஓர் ஆள் நீளம் நிற்க வேண்டும். அப்படி எழுதினால் அவனை நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். குறைத்துவிட்டேன்.)

பேசுகுழாயில் மேலேயிருந்து ஒபதையா க்ரௌச்சின் குரல். சுழல்மேடைத் தலைவன், ஜெத்ரோவின் அக்கா புருஷன்.

"என்ன மச்சான், தூங்கிட்டியா?"

"மாமா, கோடு வெளிய—"

"கோடாவது கீடாவது! நேத்தும் இதையே சொல்லித்தான் நிறுத்துன. உள்ள என்னடா இருந்துச்சு? புகைக்கரி! பக்கத்துக் கப்பல்காரன் ஊளையிட்டுச் சிரிச்சான். ஆச்சா, ஆகலையா?"

மேலே பத்துப் பேர் சிரிப்பது பேசுகுழாயில் கேட்டது. ஜெத்ரோவின் காது சிவந்தது.

4
முடிவு ஒன்று: "நிறுத்துங்க" என்கிறான். வசவு விழுகிறது. துழாவிப் பார்க்கிறார்கள், பழைய குண்டு. சாயங்காலம் எல்லோரும் பட்டாணிக் கூழ் குடிக்கிறார்கள்.

ஆசை ஆசையாய் எழுதினேன். அடித்துவிட்டேன். குழாய்தான் சுவரோரம் பிளந்து கிடக்கிறதே!

முடிவு இரண்டு: "ஆச்சு, மாமா."

5
கீழே இருந்தவன் பிழைத்தான். பாவி, ஒரு கீறல்கூட இல்லை. மூன்று வாரம் கழித்து, புருஷனை இழந்த கறுப்பு உடையில் அக்கா கதவைத் திறக்கிறாள்.

"உன் கண்ணுல எதுவுமே படலையாடா, ஜெத்ரோ?"

பதிலை ஏழு தரம் எழுதி ஏழு தரமும் கிழித்தேன். என்னால் ஆகாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளிடமும் ஒரு முழம் என்று சொல்லிவிடாதீர்கள். ஓர் ஆள் நீளம்.

* பீரங்கி பின்னுக்கு உதைக்குமே, தெரியாதா என்பவர்களுக்கு: வெடித்த நொடியே குழாயை இழுத்துக் கீழே சாய்த்துவிடுவார்கள். பந்தயத்தில் யார் பார்த்தார்கள்?