இரவல் விரல்

ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் முப்பத்தாறு வளைவு ஏறி இறங்குகிற ஆளுக்கு ஊசி என்றால் பயம். சொன்னால் நம்பமாட்டீர்கள். டெப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். பஸ்ஸிலும் சரி, வீட்டிலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உப்பு கேட்டால்கூடத் தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட தொண்டை, ஊசியைப் பார்த்தால் மட்டும் அடைத்துக்கொள்ளும்.

டிரைவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற மருத்துவப் பரிசோதனையில்தான் வினை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினார். ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு.

டெப்போ கிளினிக் நர்ஸம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அண்ணே, இது உங்க சுகரா, பஸ் நம்பரா?"

"நேத்து நம்ம கண்டக்டருக்குப் பொறந்த நாளும்மா. ஒரே ஒரு துண்டு கேக்குதான்."

"ஒரு துண்டுக்கு இவ்வளவு ஏறாது. முழு கேக்கைத் தின்னாலும் இவ்வளவு ஏறாது. இது பல வருஷ உழைப்பு."

பிறகு நர்ஸம்மா சட்டத்தைச் சொன்னார். முப்பது நாள் அவகாசம். மாத்திரை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, நடை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, டெப்போ கொடுக்கிற சின்ன மெஷினில் பார்த்து, அதைப் போட்டோ எடுத்து ஆறரை மணிக்குள் அனுப்ப வேண்டும். நூற்று முப்பதுக்குள் இருக்க வேண்டும். கடைசி நாள் கிளினிக்குக்கு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், அது நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மலை ரூட் இல்லை. கேட் டூட்டி.

கேட் டூட்டி என்றால் வேறொன்றுமில்லை. டெப்போ வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிற பஸ், வெளியே போகிற பஸ் எல்லாவற்றின் நம்பரையும் நோட்டில் எழுதுவது. இருபத்திரண்டு வருடமாக மலையேறிய மனிதர், நேற்று வந்த பயல்கள் தன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நம்பர் எழுத வேண்டும். அது அவருக்கு ஊசியைவிடப் பெரிய பயம்.

வீட்டில் மனைவிக்கும் பயம்தான், ஆனால் அது வேறு பயம். அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். மலை ரூட் என்றால் கணவர் விடிந்ததும் போய் இருட்டிய பிறகு வருவார். கேட் டூட்டி என்றால் நாலரைக்கே வந்துவிடுவார். வந்து சமையலறை வாசலில் நின்று, வெங்காயம் எப்படி நறுக்க வேண்டும் என்று ஹாரன் அடிப்பார். ஆண்டவன் காப்பாற்ற வேண்டும்.

ஊரே அவருக்கு வைத்தியம் சொன்னது. கண்டக்டர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். மெக்கானிக் வெறுங்காலோடு பின்பக்கமாக நடக்கச் சொன்னார். மாடி வீட்டுக்காரர், வெள்ளையாக இருக்கிற எதையும் தின்னாதே என்றார். அதனால் ஹாரன் அன்று சாயங்காலம் வெள்ளை பன்னைத் தொடவில்லை. பொன்னிறமாக இருந்த பன் இரண்டைத் தின்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு ஆணை போட்டார்: "நாளையிலேருந்து இந்த வீட்ல இனிப்புன்னு ஒண்ணு என் கண்ல படக் கூடாது. பிஸ்கட் டின், ஜாம் பாட்டில், கேக், எல்லாத்தையும் காலி பண்ணு!"

மறுநாள் காலை மெஷினோடு உட்கார்ந்தார். குத்துகிற ஊசி ஒரு பேனா மாதிரி இருந்தது. விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார், எடுப்பார். நெற்றி வியர்த்தது. மணி ஆறு இருபது. குத்தினாலும் வம்பு, வயிற்றில் இரண்டு பன் சாட்சி சொல்லும். அப்போதுதான் அவர் கண் மனைவியின் விரலில் விழுந்தது.

"ஒரே ஒரு நாள் உன் விரலைக் குடேன். உனக்கு ஊசியெல்லாம் பழக்கம்தானே."

"என் விரலைக் குத்தினா உங்க சுகர் எப்படிங்க தெரியும்?"

"தெரியாது. அதுதானே வேணும்!"

அவள் தயங்கினாள். நாலரை மணியை நினைத்தாள். விரலை நீட்டினாள். குத்தியதும் "ஸ்ஸ்" என்று இழுத்தாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று ஹாரன் ஆறுதல் சொன்னார். மெஷினில் நூற்றுப் பதினெட்டு வந்தது.

"நூத்திப் பதினெட்டு! பாஸ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

ஒரு நாள் என்றது ஒரு வாரமானது. ஒரு வாரம் ஒரு மாதமாகப் போகிறது என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது. தினமும் காலையில் அவள் விரலை நீட்டுவாள், அவர் எறும்பைக் கூப்பிடுவார், நர்ஸம்மா பதிலுக்குக் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்புவார். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்ட நிம்மதியில் ஹாரன் பழையபடி பன் தின்ன ஆரம்பித்தார். அதோடு விட்டாரா? டெப்போவில் உபதேசம் வேறு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டி, வாயில் பன்னை வைத்துக்கொண்டே சொல்வார்: "எல்லாம் மனக்கட்டுப்பாடுப்பா. நாக்கை அடக்கினவன் உலகத்தை அடக்கினான்." இரண்டு டிரைவர்கள் அவரிடம் உணவு அட்டவணை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். என்னத்தைச் சொல்ல!

வீட்டிலோ, அவர் போட்ட ஆணையை மனைவி அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தாள். இனிப்பு அவர் கண்ணில் படக் கூடாது. சரி. ஆனால் நல்ல பொருளைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. ஆகவே பிஸ்கட் டின்னை அவளே தின்று காலி செய்தாள். ஜாம் பாட்டிலை வழித்துக் காலி செய்தாள். பன்னால் வயிறு நிறைந்து வருகிறவர், கட்டுப்பாடாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளத் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைப்பார், அதையும் அவளே தின்றாள்.

நூற்று இருபத்தொன்று. நூற்று இருபத்தைந்து. பதினாலாம் நாள் நூற்று முப்பத்து மூன்று, நர்ஸம்மாவிடமிருந்து கட்டைவிரலுக்குப் பதில் கேள்விக்குறி வந்தது.

"என்னடி பண்ணின என் சுகரை?" என்று ஹாரன் அலறினார். "நேத்து என்ன தின்ன?"

"ரெண்டு பிஸ்கட்டு."

"ரெண்டா? கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா? என் பொழப்பே உன் விரல்ல இருக்கு, நீ பாட்டுக்கு பிஸ்கட்டைத் தின்னுட்டு உக்காந்திருக்க!"

"சுகர் உங்களுக்கா எனக்கா?"

"எனக்குத்தான்! அதனாலதான் நீ வாயைக் கட்டணும்னு சொல்றேன்!"

இந்த நியாயத்துக்குப் பதில் சொல்ல யாரால் முடியும்?

அன்று முதல் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைக் காவல் காத்தார். தட்டில் சோறு பாதி, காய் இரண்டு பங்கு. டீயில் சர்க்கரை கிடையாது. காலை ஐந்து மணிக்கு நடை. தனியாக அனுப்பினால் முனைக்கடையில் நின்றுவிடுவாளோ என்ற சந்தேகத்தில் அவரும் கூடவே நடந்தார், முக்கால் மணி நேரம். அவள் எதிரில் பன் தின்றால் அவளும் கேட்பாள் என்று பன்னை விட்டார். அவள் தட்டைக் கண்காணிக்க எதிரிலேயே உட்கார்ந்ததில் அவரும் அதே காயைத் தின்ன வேண்டியதாயிற்று. மாத்திரை ஒன்றைத்தான் ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகப் போட்டுவந்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. அதையும் அவர் கவனிக்கவில்லை, துணி சரியில்லை என்றார்.

வேறு சிலதும் அவர் கண்ணில் பட்டன. படுக்கைப் பக்கத்துத் தண்ணீர் பாட்டில் எப்போது பார்த்தாலும் காலி. "எனக்கு ஒரு வாய் வைக்காம அத்தனையும் குடிச்சுட்டியா?" என்றார். லீவு நாள் மத்தியானத்தில் தையல் மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கினாள். "நடந்தா சுறுசுறுப்பு வரணும், நீ என்ன இப்படி?" என்றார். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை, கோத்துத் தாருங்கள் என்று கேட்டாள். "கண்ணாடியை மாத்து" என்றார்.

முப்பதாம் நாள் காலை நூற்று இருபத்தெட்டு. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, உள்ளங்கை வியர்க்க டெப்போ கிளினிக்குக்குப் போனார். இங்கே இரவல் விரல் செல்லாது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிவிட்டு, ஸ்டூலையும் நோட்டையும் மனசுக்குள் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நூத்தி நாப்பத்தாறு" என்றார் நர்ஸம்மா.

ஹாரனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "எனக்கா?"

"பின்ன யாருக்கு? உங்க மெஷின் நூத்தி இருபத்தெட்டு காட்டுது, இங்க கொஞ்சம் கூட. வீட்டு மெஷின் முன்ன பின்ன இருக்கும், பரவால்ல. நல்லாப் பண்ணியிருக்கீங்கண்ணே." நர்ஸம்மா படிவத்தை எடுத்தார், பேனா மூடியைத் திறந்தார்.

சந்தோஷம் வந்தால் அந்த வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, சுகரே இல்லாத ஆளுக்கு எவ்வளவு இருக்கும்? நம்ம நூத்தி இருபத்தெட்டு மாதிரிதானே?"

"இல்லண்ணே. நூத்துக்குள்ள இருக்கணும்." நர்ஸம்மா எழுதிக்கொண்டே சொன்னார். "நீங்க சுகர்காரர், மாத்திரை போடறவர், உங்களுக்கு நூத்தி இருபத்தெட்டுன்னா மெடல் குடுக்கலாம். மாத்திரையே போடாத ஆளுக்கு வெறும் வயித்துல தினமும் அது வந்தா, அவங்களுக்குச் சுகர் வந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே கூட்டிட்டு வரணும்."

ஹாரன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

காலி பாட்டில் ஞாபகம் வந்தது. தையல் மெஷின் மேல் சாய்ந்த தலை ஞாபகம் வந்தது. நூல் கோத்துக் கொடுக்காதது ஞாபகம் வந்தது. முப்பது நாளும் அவள் ரத்தத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார், அது அவளுடைய ரத்தம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் அவர் கணக்குப் போட்டும் பார்த்தார். கையெழுத்து விழட்டும், ரூட் கையில் வரட்டும், நாளைக்குச் சத்தம் போடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் நர்ஸம்மா பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்ணே, வீட்ல யாருக்காவது அப்படி இருக்கா?"

"என் சம்சாரத்துக்கு."

"எத்தனை நாளா?"

"முப்பது நாளா."

"முப்பது நாளா எப்படித் தெரியும்? தினம் பார்த்தீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "போட்டோ எல்லாம் உங்ககிட்டயே இருக்கும்மா."

நர்ஸம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பேனாவை மூடினார். "பதினோராம் நாள் போட்டோல ஓரத்துல ஒரு வளையல் தெரிஞ்சுது. என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்." படிவத்தை இரண்டாகக் கிழித்தார். "மூணு மாசம் கேட் டூட்டி. நாளைக்குக் காலைல அவங்களை வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. அண்ணே, நடந்து, வாயைக் கட்டி, நிஜமாவே பாஸ் பண்ணியிருந்தீங்க. தெரியுமா?"

"அவளுக்காக நடந்தேம்மா" என்றவர், அதுவும் பொய் என்று தோன்றி நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் தையலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப ரூட் போச்சா?"

"போச்சு."

"நாலரைக்கு வந்துடுவீங்களா?"

"வந்துடுவேன்."

"கடவுளே" என்றாள். தனக்குச் சுகர் என்று கேட்டபோதுகூட அவள் முகம் அவ்வளவு வாடவில்லை. பிறகு திரைத் துணியைத் தள்ளி வைத்தாள், கண் நிறைந்துவிட்டது. "தினம் காலைல எனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவுன்னு குதிச்சீங்களே. ஒரு நாளாவது உனக்கு எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. ஊசியை எடுத்து நூல் கோத்துக் கொடுத்தார். மூன்று தடவை தவறி நாலாவது தடவைதான் நுழைந்தது.

மறுநாள் விடிந்ததும் மெஷினை எடுத்து அவரே மேஜையில் வைத்தார். அவள் விரலை நீட்டினாள், பழக்கம். "இன்னிக்கு முதல்ல நான்" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, தன் விரலை அவளிடம் கொடுத்தார். அவள் ஊசிப் பேனாவை வைத்து அமுக்கினாள்.

"அய்யோ அம்மா!" என்று அவர் அடித்த ஹாரனில் மாடி ஜன்னல் திறந்தது, எதிர்வீட்டு நாய் குரைத்தது. விரல் நுனியில் ஒரு கடுகளவு ரத்தம். அதைப் பார்த்தார். அப்புறம் அவள் கையைப் பிடித்துத் திருப்பி, பத்து விரலிலும் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்ததைப் பார்த்தார்.

"இவ்வளவு வலிக்குமா?" என்று கேட்டார். தெருமுனை வரைக்கும் கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றாள் அவள், பஞ்சை அவர் விரலில் வைத்து அழுத்தியபடி.