அப்பாவுக்கு வந்த மறதி

அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது என்று நான் முடிவு கட்டியது கொத்தமல்லியைப் பார்த்துத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குரோம்பேட்டை வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தால் கீழ்த்தட்டு முழுக்கக் கொத்தமல்லிக் கட்டுகள். அழுகியது, வாடியது, அன்று காலை வாங்கியது என்று வயது வாரியாகக் கிடந்தன.

“யாருப்பா இத்தனை வாங்கினது?”

“நான்தான். வாங்கினதை மறந்துட்டு மறுபடி மறுபடி வாங்கிடறேன்” என்று அப்பா சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா லாசரஸ், மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் எந்த வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு கட்டுக் கொத்தமல்லியை மறக்கிறார் என்றால் அது சாதாரண விஷயமா? நான் குடியிருப்பது ஊரப்பாக்கம், வேலை சிறுசேரியில். வாரத்தில் ஒரு நாள்தான் இந்தப் பக்கம் வர முடியும். வந்த நாளில் ஒரு மூலை விடாமல் சோதனை போடுவேன். “ஜெரூஷா ரெய்டுக்கு வந்தாச்சு” என்று அப்பா கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும், யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டுமே.

அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் அப்பாவின் மறதியாகவே தெரிந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்பு. கேட்டால், “நான்தான் அவளுக்குத் தெரியாம ஒரு ஸ்பூன் போட்டுட்டேன்.” காஸ் எரிந்துகொண்டே இருந்ததா, அதுவும் அவர்தான். பேபி அத்தை மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வரவில்லை. தேதியை மறந்துவிட்டாராம். போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, “ஜெரூ, இன்னைக்கு என்ன கிழமை? எனக்கு மறந்து மறந்து போகுது, கொஞ்சம் சத்தமா சொல்லு” என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கத்திச் சொல்வேன்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் இன்னும் மோசம். நான் தங்குகிற நாளெல்லாம் பைபிளில் ஒரே சங்கீதத்தைத்தான் சொல்லச் சொல்லி அம்மாவைக் கேட்பார். போன வாரமும் அதுதானே சொன்னாள் என்ற நினைவே இருக்காது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் கடைசி வரை சொல்லுவாள். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்த வாய் அது. அம்மாவுக்கு இருக்கிற மூளையில் பாதியாவது இவருக்குக் கொடும் ஆண்டவரே என்று நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் அப்பா மலை மாதிரி உட்கார்ந்துவிடுவார். வயதானால் மறதி வராதா என்பார். வெயில் குறையட்டும், மழை விடட்டும், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்பார். நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், இரண்டு வாரம் வராமல்கூட இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற என் தம்பி ஜெஃப்ரி போனில் நயமாகப் பேசிப் பார்த்தான். அவனிடம் வானிலை பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

கடைசியில் நானும் ஜெஃப்ரியும் ஒரு ஏற்பாடு யோசித்தோம். இப்படியே போனால் அப்பாவை நான் ஊரப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய்விடுவது, அம்மாவை அவன் கோயம்புத்தூரில் வைத்துக்கொள்வது. ஒரு வீட்டில் இரண்டு பேரையும் வைத்துப் பார்க்க எங்கள் இருவருக்குமே வசதியில்லை. இதை நான் குரோம்பேட்டை வீட்டு ஹாலில் நின்றுதான் போனில் பேசினேன். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அப்பா சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றிருந்தார். அப்படியே உள்ளே திரும்பிப் போனார். நானும் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம்தான் எனக்கு ஒரு பொய் தோன்றியது. தனக்கென்றால் வர மாட்டார், அம்மாவுக்கென்றால் வருவார் இல்லையா? மேற்குத் தாம்பரத்தில் மறதி நோய்களையே பார்க்கிற ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு, “அப்பா, அம்மாவுக்குத்தான் செக்கப். சும்மா பொதுவா. நீங்க துணைக்கு வாங்க போதும்” என்றேன்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. “ரத்தினத்துக்கா? அவளுக்கு எதுக்கு?”

“வயசாகுது இல்லப்பா.”

“அவளுக்கு ஒண்ணும் கிடையாது. எனக்குத்தான் மறதி. நீதானே ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கே? என்னைக் காட்டு. நாளைக்கே வரேன். அவளைப் பார்க்க வேணாம்.”

ஒரு வருடமாக அசையாத மனிதர் ஒரே நிமிடத்தில் சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஜெஃப்ரிக்கு உடனே மெசேஜ்கூட அனுப்பினேன்.

டாக்டர் பெயர் சாமுண்டீஸ்வரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவசரமே இல்லாதவர். அம்மாவை வீட்டில் தனியாக விடமாட்டேன் என்று அப்பா அவளையும் அழைத்து வந்திருந்தார். மூன்று பேரும் மேஜைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தோம். நான் ஒரு வருடத்துக் கதையையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். டாக்டர் கேட்டுக்கொண்டார். பார்வை மட்டும் அப்பா மேலும் அம்மா மேலும் மாறி மாறிப் போய் வந்தது.

“அம்மா, காலையில என்ன டிபன் சாப்பிட்டீங்க?” என்று சும்மா கேட்பது போல் கேட்டார்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “இட்லி. நான்தான் செஞ்சேன்” என்றார் அப்பா.

“எப்படி வந்தீங்க? ட்ரெயின்லயா?”

“பொண்ணு கார்ல” என்றார் அப்பா.

டாக்டர் தலையாட்டிவிட்டு அப்பாவைச் சோதிக்க ஆரம்பித்தார். சாவி, குடை, வாழைப்பழம், இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது அப்பா, “மூணும் போச்சு டாக்டர்” என்றார். என்ன தேதி, தெரியவில்லை. என்ன மாதம், தெரியவில்லை. கிண்டலும் கோபமுமாக ஒரு வருடம் ஓட்டியிருந்தேன். அன்றுதான் முதல்முறையாக, இவர் நிஜமாகவே என் கையைவிட்டுப் போகிறார் என்று உறைத்தது.

“நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க சார்.”

அப்பா மேலே பார்த்து யோசித்தார். “தொண்ணூத்தி நாலு. எண்பத்தி ஏழு. எண்பது. எழுபத்தி மூணு. அறுபத்தி ஆறு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸைக் கூப்பிட்டு, “அம்மாவைக் கூட்டிட்டுப் போய் எடை பாருங்க, பிரஷரும் பாருங்க” என்றார். அப்பாவும் எழுந்தார். “நீங்க உட்காருங்க சார். கண்ணாடிக் கதவுதான், இங்கிருந்தே தெரியும்.”

அம்மா வெளியே போனதும் டாக்டர் மெதுவாகச் சொன்னார். “முதல் கணக்கு மட்டும் தப்பு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நீங்க தப்பு விடல. நிஜமா மறதி இருக்கிறவங்க இப்படிக் கழிக்க மாட்டாங்க சார். உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தோணுது. யாருக்காக இப்படிச் சொல்றீங்க?”

அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு அப்பால் அம்மா எடை மெஷினில் செருப்போடு ஏறி நின்று, எதற்கு ஏறினோம் என்று தெரியாத மாதிரி நர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அம்மாவை நான் உற்றுப் பார்த்தே எவ்வளவு காலமாயிற்று.

“கொத்தமல்லியும் அவ வாங்கினதுதான்” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். “தள்ளுவண்டி போறப்பல்லாம் கேட்டைத் திறந்துட்டு ஓடிடுவா. ரெண்டு வருஷமா இப்படித்தான்மா. உப்பு, காஸ் எல்லாம் அவதான். கல்யாணத்துக்குப் போனா ஆளுங்களை அடையாளம் தெரியாம நிப்பா, அதான் போகல. கிழமை உன்கிட்ட கேக்கறதும் அவ காதுல விழணும்னுதான்.”

“சங்கீதம்?”

“அது ஒண்ணுதான் முழுசா வருது. வேற எதைக் கேட்டாலும் பாதியில நின்னு முழிப்பா, அழுவா. இது சொல்லி முடிச்சா முகம் தெளிவா இருக்கும். நிம்மதியாத் தூங்குவா.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “இத்தனை நாள் ஏன்ப்பா சொல்லல? என்னை எதுக்குப் பைத்தியக்காரி ஆக்கினீங்க?”

“சொன்னா பிரிச்சுடுவீங்க” என்றார். “என்கூட கார்டா இருந்த சின்னப்பன் வீட்டுல என்ன ஆச்சு? பெரிய பையன் அப்பாவை எடுத்துக்கிட்டான், சின்னவன் அம்மாவை. ரெண்டு பேரும் வீடியோ கால்ல ஜெபம் பண்ணிக்கிறாங்க. எனக்கு மறதின்னு நினைச்சே நீயும் தம்பியும் ஆளுக்கு ஒண்ணா பங்கு போட்டீங்களே. அவளுக்குன்னு தெரிஞ்சா? நான் இல்லாத வீட்ல அவ ஒரு நாள் தாங்க மாட்டா ஜெரூ.”

அவர் குரல் உடைந்துவிட்டது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைவிட்டுப் போகவில்லை என்ற சந்தோஷமும், அம்மா போய்க்கொண்டிருக்கிறாள் என்ற துக்கமும் ஒன்றாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

“யாரும் பிரிக்கப் போறதில்ல சார்” என்றார் டாக்டர். “பிரிக்கவும் கூடாது. பழகின வீடு, பழகின முகம், இதைவிட நல்ல மருந்து என்கிட்ட இல்ல. ஆனா இவ்வளவு நாள் தனியா சுமந்ததுல நீங்க படுத்துட்டா அவங்க கதி என்ன? இப்போ அம்மாகிட்ட நான் சில கேள்வி கேட்கணும். ஒரே ஒரு உதவி செய்யுங்க. நீங்க பதில் சொல்லக் கூடாது.”

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். டாக்டர் அதே சாவி, குடை, வாழைப்பழத்தில் ஆரம்பித்தார். பதில் வராதபோதெல்லாம் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஜெஃப்ரி என்ன செய்கிறான் என்ற கேள்விக்கு, பத்தாவது படிக்கிறான் என்றாள். இவ்வளவு நாளும் அவளை விழவிடாமல் பிடித்திருந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து அவள் விழுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு அம்மா டாக்டர் பக்கம் குனிந்து, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள். “எனக்குக் கொஞ்ச நாளா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது டாக்டர். வாய் வரைக்கும் வந்து நழுவிப் போகுது. இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா பயந்துடுவார், சொல்லிடாதீங்க.”

அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தார். “எனக்குத் தெரியும் ரத்தினம்” என்றார்.

“தெரியுமா?”

“தெரியும். பயமெல்லாம் இல்ல.”

“அப்ப சரி” என்றாள் அம்மா. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள் போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. இது முழுசாகச் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் தைராய்டு, வைட்டமின் குறைவு மாதிரி சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிடலாம். மாத்திரை கொஞ்சம் கைகொடுக்கும். பகலில் உதவிக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். காஸ் அடுப்பை மாற்றலாம், கேட்டுக்குப் பூட்டுப் போடலாம். பயந்துகொண்டிருந்ததெல்லாம் செய்யக்கூடிய வேலைகளாக மாறிப்போனதில் எனக்கு மூச்சு சீராக வந்தது. வேலை என்றால் எனக்குப் பயமில்லை.

வெளியே வந்ததும் ஜெஃப்ரிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். “ரெண்டு பேரும் ஒரே வீட்லதான். நாமதான் மாறி மாறி வரணும்” என்றேன். “வரேன்க்கா, இந்த வாரமே வரேன்” என்றான். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று வழக்கம்போல் சத்தமாகவே பேசினேன்.

காரில் அப்பாவும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் சானடோரியம் தாண்டுவதற்குள் கண்ணாடியில் பார்த்தால், அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார். பக்கத்தில் பஸ் ஹாரன் அலறியும் அசையவில்லை.

“இவர் ஏன் தூங்கறார்? உடம்பு சரியில்லையா?” என்று அம்மா கேட்டாள்.

“நல்லா இருக்கார்மா. அசதி, தூங்கட்டும்.”

“நாம எங்க போறோம்?”

“வீட்டுக்குத்தாம்மா.”

சிக்னலில் நின்றோம். “இவர் ஏன் தூங்கறார்?” என்றாள் மறுபடியும். நான் மறுபடியும் சொன்னேன். இரண்டு வருடமாக அவள் எந்தக் கேள்வி கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்ல விழித்தே இருந்த மனிதர், என் குரலைக் கேட்டுக்கொண்டு தூங்கினார். குரோம்பேட்டை வரைக்கும் அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள், நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.