வீடியோவில் வந்தவன்

மூன்றாவது மாடிக் குளியலறையில் டைல்ஸ்காரன் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தான். சுவரோரம் ஒரு வரிசைதான் பாக்கி. கலவையைக் கரண்டியால் இழுத்துப் பரப்பி, கல்லை வைத்து, நான்கு மூலையிலும் ரப்பர் சுத்தியலால் தட்டினான். ஜன்னல் இன்னும் மாட்டாததால் வெயில் நேராக முதுகில் விழுந்தது. புருவத்திலும் மீசையிலும் வெள்ளைத் தூசி படிந்திருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் ஸ்கூல் வேன் டிரைவர். சட்டைப் பையின் மேல் பள்ளிக்கூடத்தின் முத்திரை தைத்திருந்தது. இன்னொருவன் அவனைவிட ஒரு தலை உயரம். டிரைவர் குனிந்து கைப்பேசியை நீட்டினான்.

"இது நீங்கதான?"

திரையில் டைல்ஸ்காரன் நீலக் கோட்டு போட்டு, சுழல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். "நேத்து வரைக்கும் நான் டைல்ஸ் ஒட்டினவன். இன்னிக்கு என் வீட்டு சோபாவுல உக்காந்துகிட்டே சம்பாதிக்கிறேன். என்னால முடியும்னா உங்களால முடியாதா?"

இப்படி யாராவது வந்து கேட்பது அவனுக்குப் புதிதில்லை. சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"நான்தான். ஆனா தம்பி, அது வந்து..."

குத்து மூக்கில் விழுந்தது. அவன் பின்னால் சாய்ந்து, அப்போதுதான் ஒட்டிய கற்களின் மேல் விழுந்தான். டிரைவர் உதைக்க ஆரம்பித்தான்.

"சோபாவுல உக்காந்திருக்கியா? எங்கடா சோபா? காட்டுடா உன் சோபாவ!"

உயரமானவன் சுற்றிலும் பார்த்தான். கலவைச் சட்டி, கட்டிங் மெஷின், ஆணியில் தொங்கும் அழுக்குச் சட்டை. "டேய், இவன் நிஜமாவே கூலி வேலைதான்டா பாக்கிறான்."

"நடிக்கிறான்டா! இங்க வந்து ஒளிஞ்சிருக்கான். என் பொண்டாட்டி கம்மலை வித்துக் கட்டினேன்டா. அவ அண்ணன், தம்பி, எல்லாரையும் சேத்துவிட்டேன். இப்ப ஒருத்தன் என் வீட்டுப் படி ஏற மாட்டேங்கிறான்."

சுவரில் சாய்த்து வைத்திருந்த கல் ஒன்றைத் தூக்கி டைல்ஸ்காரனின் தோளில் அடித்தான். கல் இரண்டாக உடைந்தது. உடைந்த விளிம்பு காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை வரை கிழித்துக்கொண்டு போனது. ரத்தத்தைப் பார்த்ததும் உயரமானவன் டிரைவரை இடுப்போடு கட்டி இழுத்துக்கொண்டு படியிறங்கினான்.

சத்தம் கேட்டு மேஸ்திரி மேலே வந்தபோது டைல்ஸ்காரன் சட்டையைச் சுருட்டிக் கழுத்தில் அழுத்திக்கொண்டு நின்றான். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"ஒட்டினதெல்லாம் நகந்துபோச்சு. உடைஞ்ச கல்லு உன் கணக்கு, சொல்லிட்டேன். போய்த் தையல் போட்டுட்டு வா."

*

அந்த வீடியோவுக்கு அவன் பேசியது ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்த சமாச்சாரம். கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஆபீஸ் ஒன்றுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தான். ஆபீஸ்காரன் சின்ன வயசுக்காரன், மரியாதையாகப் பேசுபவன். அவனே டீ வாங்கிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு டைல்ஸ்காரனின் முகத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"அண்ணே, உங்க முகத்துல ஒரு உழைப்பு தெரியுது. யாரும் நம்புவாங்க. ஒரு விளம்பரத்துக்கு நாலு வரி பேசுறீங்களா?"

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். கோட்டைக் கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் பெரிதாக இருந்ததால் பின்னால் கிளிப் போட்டு இறுக்கினார்கள். பேசி முடித்ததும் ஒரு நாள் கூலியும் அதில் பாதியும் கையில் வைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவன் கோட்டைக் கழற்றிவிட்டு மிச்சத் தரையைப் போட்டான். வீட்டில் மனைவியிடம் அதைப் பேசிக் காட்டியபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க கோட்டு போட்டா கல்யாண மண்டபத்துல பேண்டு வாசிக்கிறவரு மாதிரிதான் இருப்பீங்க."

வீடியோ பரவிய பிறகு டீக்கடையில் அவனுக்கு நாற்காலி கிடைத்தது. வீடியோ ஒரு வெப்சைட்டுக்கான விளம்பரம்; அதில் மாசாமாசம் பணம் கட்டி உறுப்பினராக வேண்டும். ஆனதும் ஒரு லிங்க் கொடுப்பார்கள். அந்த லிங்க் வழியாக வேறு யாராவது சேர்ந்தால் அவர்கள் கட்டியதில் ஒரு பங்கு நமக்கு. வாரம் ஒரு வகுப்பு. 'கோச்' என்று அழைக்கப்படுபவர் திரையில் படங்களை ஓடவிட்டுப் பாடம் எடுப்பார். அவர் குரல் மட்டும்தான் கேட்கும். இதையெல்லாம் டைல்ஸ்காரனுக்குச் சொன்னதே அவனிடம் ரகசியம் கேட்டு வந்தவர்கள்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கூலி குடுத்தாங்க, பேசினேன்" என்பான்.

"பெரிய ஆளுங்க இப்படித்தான் அடக்கமா இருப்பாங்க" என்று அவர்கள் கண்ணடித்துவிட்டுப் போவார்கள்.

ஆளாளுக்குத் திரையில் வருமானக் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. பணத்தை எடுக்கப் போனால், மேல்படி உறுப்பினரானால்தான் எடுக்கலாம் என்று வந்தது. மேல்படிக்கும் பணம் கட்டினார்கள். பிறகு ஒரு நாள் வெப்சைட் திறக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவர்களை எழுத்தர் திருப்பி அனுப்பினார். "கண்ணால பாக்காதவன்கிட்ட காசைக் குடுத்துட்டு, இங்க வந்து யாரைப் பிடிக்கச் சொல்றீங்க?"

*

அவன் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மனைவியும் லாண்டரி வேலை முடிந்து வந்திருந்தாள். நாள் முழுக்க நீராவி இஸ்திரி பிடித்த கை இன்னும் சிவந்திருந்தது. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் காய்ந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்தாள். நடந்ததை அவன் சொல்லச் சொல்ல, துடைக்கும் கை அழுந்திக்கொண்டே போனது.

"மெதுவாடி."

"அந்த டிரைவர் கையில கிடைச்சான்னா..." என்று அவள் ஆரம்பித்தபோது அவளுடைய தம்பி உள்ளே வந்தான். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி வேலை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான். டைல்ஸ்காரனின் வீங்கிய மூக்கைப் பார்த்தான்.

"அப்ப நிஜமாவே ஒண்ணும் இல்லையா மாமா?"

"என்னது இல்லையா?"

"உங்களுக்கு அதுல பணம் வரலையா?"

"மாப்ள, அன்னிக்கே சொன்னேனேடா. கூலிக்குப் பேசினேன்னு."

"சிரிச்சுகிட்டே சொன்னீங்க! நான் என்னன்னு எடுத்துக்கிறது? வெளிய சொல்லக் கூடாதுன்னு மறைக்கிறீங்கன்னு நினைச்சேன்." ஹெல்மெட்டைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது. "எங்க ஸ்டாண்டுல இருக்கிற பசங்க அத்தனை பேரும் என் லிங்க்ல சேந்திருக்கானுங்க. 'இது எங்க மாமாதான்டா, எங்க அக்கா வீட்டுக்காரரு'ன்னு வீடியோவைக் காட்டிக் காட்டிச் சேத்தேன். இப்ப என்னைக் கேக்கிறானுங்க மாமா."

மனைவி துணியைத் தண்ணீரில் போட்டாள். "உன்னை யார்டா சேக்கச் சொன்னது?"

"இவரு முகம் சொல்லுச்சுக்கா!"

பாய்ந்து டைல்ஸ்காரனின் பனியனைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். அலமாரியிலிருந்த தட்டுகள் சரிந்து விழுந்தன. புதுத் தையல் ஒன்று விட்டு, ரத்தம் மார்பில் இறங்கியது. டைல்ஸ்காரன் திருப்பி அடிக்கவில்லை. மனைவி தம்பியின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றிப் பின்னால் இழுத்தாள். அவன் விடாததால் காதோடு சேர்த்து அறைந்தாள், ஒன்றல்ல, கை ஓயும்வரை. அவன் பிடியை விட்டுத் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அடிங்க. நல்லா அடிங்க" என்றான். "நாளைக்கு அவனுங்க அடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அவன் சொன்னது போலவே ஆனது. மறுநாள் காலை ஸ்டாண்டில் அவனை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள், பதில் வராதபோது அவன் வண்டியைச் சாய்த்து, அதன் டேங்கிலிருந்த பெட்ரோலையே ஊற்றிக் கொளுத்தினார்கள். அணைக்கப் போனவனின் வலதுகையைக் கல்லில் வைத்து மிதித்தார்கள். மிதித்தவர்களில் ஒருவன் நேற்றுவரை அவனோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன். தானும் அழுதுகொண்டேதான் மிதித்தான்.

இரண்டு விரல் உடைந்து, கட்டு போட்ட கையோடு மைத்துனன் வந்து நின்றதும் டைல்ஸ்காரன் வேலைப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"தரை போட்ட இடத்துக்கு. அந்த ஆபீஸ் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"பேசிட்டு வாங்க. பேசிட்டு மட்டும் வாங்க."

*

அவனும் மைத்துனனும் போனபோது ஆபீஸ் அதே இடத்தில் இருந்தது. கதவில் இன்னும் பெயர் இல்லை. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் புது வெப்சைட்டின் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்து வேறு, நிறம் அதே நிறம். ஆபீஸ்காரன் எழுந்து வந்தான்.

"வாங்கண்ணே. ஐயோ, என்ன இது காயம்?"

அந்த ஒரு வரி முடிவதற்குள் மைத்துனனின் முகம் மாறியது. வாரா வாரம் காதுக்குள் கேட்ட குரல்.

"மாமா, இவன்தான். கோச் இவன்தான்."

கோச் மறுக்கவில்லை. உட்காரச் சொன்னான். டைல்ஸ்காரன் நின்றபடியே பேசினான். "தம்பி, அந்த வீடியோவை எல்லா இடத்துலேருந்தும் எடுத்துடுங்க. இந்தப் பையனை நம்பிக் கட்டினவங்களுக்கு மட்டுமாவது திருப்பிக் குடுங்க. அவனைக் கொன்னுடுவாங்க போல இருக்கு."

"வீடியோ கம்பெனியோடதுண்ணே. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. பணம் குடுத்திருக்கேன்." கோச் மைத்துனன் பக்கம் திரும்பி, வகுப்பில் பேசும் அதே நிதானத்தோடு சொன்னான்: "தம்பி, தோத்தவங்க எல்லாருமே இதைத்தான் சொல்றாங்க. நான் பாடத்துல சொல்லியிருக்கேன். உழைக்கிறவனுக்கு வரும். உழைக்காம உக்காந்திருந்தா எங்கேருந்து வரும்?"

மைத்துனன் இடது கையிலிருந்த ஹெல்மெட்டை வீசி அடித்தான். கோச்சின் நெற்றி பிளந்தது. மேஜையோடு சரிந்தவனை மறுபடி அடிக்கப் போனபோது வாட்ச்மேன் உள்ளே ஓடிவந்து மைத்துனனின் உடைந்த கையைப் பிடித்து முறுக்கினான். அலறல் கட்டடம் முழுக்கக் கேட்டது. டைல்ஸ்காரன் வாட்ச்மேன்மேல் பாய்ந்தான். கெஞ்சினான், இழுத்தான், கடித்தும் பார்த்தான். வாட்ச்மேனின் முழங்கை தையலில் இறங்கியது.

தரையில் விழுந்து கிடந்தபோது கன்னத்துக்குக் கீழே கல் சில்லென்று இருந்தது. அவன் ஒட்டிய கல். பையிலிருந்த இரும்புச் சுத்தியலை எடுத்தான். யாரையும் அவன் பார்க்கவில்லை. மண்டியிட்டு, கல்லின் நடுவில் ஓங்கி அடித்தான். கம்ப்யூட்டர் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார்கள். அடுத்த கல், அதற்கடுத்த கல். சில்லுகள் முகத்தில் தெறித்துக் குத்தின. வேலை செய்யும்போது பின்னால் நகர்ந்துகொண்டே போவதுபோலவே, உடைத்துக்கொண்டே கதவுவரை நகர்ந்துபோனான். அங்கே போலீஸின் பூட்ஸ் நின்றது.

*

யாரோ ஆபீஸிலிருந்து எடுத்த படம் அதற்குள் கைப்பேசிக்குக் கைப்பேசி போய்விட்டது. 'வீடியோக்காரன் மாட்டினான்' என்று போட்டிருந்தார்கள். ஜீப் ஸ்டேஷனுக்கு வரும்போதே வாசலில் கூட்டம். மைத்துனனை உள்ளே அடைத்தார்கள். டைல்ஸ்காரனைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்து விலங்கு மாட்டினார்கள். கோச் தன் காரில் பின்னால் வந்து, நெற்றியில் கைக்குட்டையை அழுத்தியபடி இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனான். அவனுக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பினார்கள்.

கழுத்துக் காயம் நிற்காமல் வடிந்ததால் டைல்ஸ்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் இன்ஸ்பெக்டர். இரண்டு போலீஸ்காரர்கள் அவனை வெளியே நடத்தி வந்தார்கள். கூட்டம் கொதித்தது. செருப்பு ஒன்று வந்து வாயில் பட்டது. ஒருத்தி குறுக்கே பாய்ந்து அவன் முகத்தைப் பிறாண்டினாள்.

"என் மக படிப்புக்கு வெச்சிருந்ததுடா!"

"நான் இல்லம்மா. நான் கூலிக்குப் பேசினவன்மா."

அப்போது கோச் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்தான். டைல்ஸ்காரன் விலங்கோடு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"அதோ! அவன்தான் கோச்! வெள்ளைச் சட்டை. போறான் பாருங்க, பிடிங்க! பேசச் சொல்லுங்க அவனை! ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க!"

"அடிபட்டவரையே திருடன்னு சொல்றான் பாரு" என்றார் ஒருவர். "வாய்தான்டா உனக்கு மூலதனம்." அடுத்த அடி பின்மண்டையில் விழுந்தது. போலீஸ்காரர்கள் அவனை வேனுக்குள் தள்ளினார்கள்.

கோச் கேட்டை நோக்கி நடந்தான். நெற்றியில் ரத்தத்தைப் பார்த்து ஆட்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரித் துப்புரவு உடையிலிருந்த வயதான பெண் ஒருத்தி, சேர்ந்ததற்குச் சாட்சியாகக் கையில் வைத்திருந்த ரசீதுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"உங்களையும் அடிச்சுட்டானாப்பா, பாவி? நீங்க எவ்வளவு கட்டினீங்க?"

அவன் வாயைத் திறக்கவில்லை. கைக்குட்டையை மட்டும் நீட்டினான். அவள் அதில் தண்ணீரை ஊற்றி, பிழிந்து, எட்டி அவன் நெற்றியில் மெதுவாக ஒற்றினாள்.