பதினொன்றரைக் கிராம்

பியருக்கு எவ்வளவு ஈஸ்ட் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். லீற்றருக்கு அரைக் கிராம். இருபத்துமூன்று லீற்றர் வாளிக்குப் பதினொன்றரை. ஊரில் சாராய வடிசாலையில் பதினொரு வருடம் நொதித்தல் பார்த்தவன் நான். மெல்பேணில் நான் படகில் வந்தவன், அவ்வளவுதான்.

அகதிகளைத் தடுத்துவைக்கும் முகாமிலிருந்து வெளியே விட்டதும், ரோவில் என்ற புறநகரில் தன் வீட்டில் எனக்கு ஓர் அறை தந்தவர் சிறீஸ்கந்தராசா அண்ணை. 2012 தைப்பொங்கல் முடிந்த கையோடு, தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வீட்டிலேயே பியர் போடப்போவதாகச் சொன்னார்.

"முரளிதரனும் வருவார் சச்சி. பாண் சுடுற ஃபக்டரியில லாப் மனேச்சர். ஈஸ்ட் தெரிஞ்ச ஆள் தேடுறாராம். உங்கட பியரைக் குடிச்சால் விடமாட்டார்."

அன்றிலிருந்து எனக்கு அந்த வாளிதான் சாமி.

பியர் காய்ச்சும் பாகு டின்னோடு வந்த ஈஸ்ட் பக்கற்றில் இருந்தது ஆறு கிராம். காணாது என்றேன். "தாளில போட்டிருக்கிறவனை விட உங்களுக்குத் தெரியுமோ?" என்று முறுகினாலும் அண்ணை இன்னொரு பக்கற் வாங்கி வந்தார். ஞாயிறு மாலை, இரண்டையும் கொட்டிப் பதினொன்றரை நிறுத்து ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஊறப்போட்டேன். அரைமணிக்குள் அது வாளியில் கரைத்துவைத்த பாகுக்குள் போகவேண்டும்.

அப்போது குசினியிலிருந்து அண்ணையின் மனைவி நேசமலர் அக்கா எட்டிப்பார்த்தார்.

"இப்ப ராகுகாலம், இந்தக் கோடையில பொழுதுபடுமட்டும் இருக்கு. நல்ல காரியத்துக்கெண்டு போடுறது. எட்டரைக்குப் பிறகு ஊத்துங்கோ."

பியருக்கு ராகுகாலமா! வாய்வரை வந்ததை விழுங்கினேன். இருக்க இடம் தந்தவர்களோடு எந்த வாயால் வாதாடுவது? குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் கோப்பையைக் காணவில்லை. ஆறிவிடும் என்று அக்கா அதைப் பிள்ளைப்பால் போல, அடுப்பில் கொதித்த தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்திருந்தார். தொட்டேன், கை சுட்டது.

"அண்ணை, ஈஸ்ட் செத்துப்போச்சு. நாளைக்கு வேற வாங்கிப் போடுவம்."

"அதென்ன கைக்குழந்தையே சாக? சும்மா ஊத்துங்கோ."

எட்டரைக்கு ஊற்றினேன். நாலு நாளாகியும் ஒரு குமிழி வரவில்லை. பிறகு வெள்ளைப் படை கட்டி, புளித்த மணம் எழுந்தது. கீழே ஊற்றிவிடுவோம் என்று கெஞ்சினேன். "வச்சால் சரிவரும்" என்று அண்ணை அதைப் போத்தல்களில் அடைத்தார்.

பிறந்தநாளன்று மத்தியானம் முரளிதரன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளிவைத்தார்.

"யாருங்க போட்டது?"

"எங்கட சச்சிதான். ஊரில வடிசாலையில இருந்தவராம்," என்றார் அண்ணை, நேற்றுத்தான் கேள்விப்பட்டவர்போல.

முரளிதரன் என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ ஈஸ்ட் போட்டீங்க?"

"பதினொண்டரைக் கிராம் சேர்."

"கரெக்ட்தானே. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

உண்மையைச் சொன்னால் வேலை. அக்கா வடைத் தட்டோடு பக்கத்தில் நின்றார். முகாம் வாசலில் என்னை ஏற்ற வந்தபோது சோற்றுப் பார்சலோடு வந்த அக்கா. சபையில் அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"தண்ணி கூடச் சூடாகிப்போச்சு சேர். என்ர பிழை."

"அடடா, அது பேசிக் ஆச்சே," என்று வடையொன்றை எடுத்துக்கொண்டு அவர் கிரிக்கெட் கதைக்குத் திரும்பினார். பதினொரு வருடம் அந்த ஒரு சொல்லில் போனது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

எல்லோரும் போனபின் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா தேத்தண்ணியோடு வந்தார்.

"யோசிக்காதேங்கோ தம்பி. நாங்கள் நேரம் பாத்துத்தானே செய்தனாங்கள். சில பேருக்குக் கைராசி இல்லை, என்ன செய்யிறது?"

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

"ஓம் அக்கா," என்றேன்.