ஒரே மூச்சில் ஒரு நிமிடம் பத்து நொடி

வானொலி இசைக்குழுவில் முப்பத்தொரு வருஷம் பிரெஞ்சு ஹார்ன் வாசித்தவன் நான். லாரிக்காரர் அமுக்குகிற ஹார்ன் இல்லை. நத்தைக்கூடு மாதிரி சுருண்டு, யானை கொட்டாவி விட்டதுபோல் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் பித்தளைக் குழல். சுருளைப் பிரித்தால் தெருமுனை வரை போய்த் திரும்பிவரும். சரி, நாலு மீட்டர் வரும். ஓய்வு பெற்றவன் கொஞ்சம் நீட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஓய்வுக்குப் பிறகு எனக்கு நீதிபதி உத்தியோகம் கிடைத்தது. எங்கள் ஊரில் வீடியோ கேம் பைத்தியங்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. விளையாட்டுகளில் ஒலிக்கும் மெட்டுகளை ரசிகர்களே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதி, உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் அனுப்புவார்கள். அதில் எட்டைத் தேர்ந்தெடுத்து நிஜ வாத்தியக்காரர்களை வைத்து மேடையேற்றுவோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. எழுதியவர்களையும் வரவழைத்து ஒத்திகையில் முன் வரிசையில் உட்காரவைப்போம். மூன்று நடுவர்கள்; இரண்டு பேர் ‘சரி’ என்றால் உள்ளே. பெயர் எங்களுக்குக் காட்டமாட்டார்கள், எண் மட்டும்தான். நாங்கள் தாளில் எழுதுவது அப்படியே அனுப்பியவருக்குப் போகும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் பின்னறையில், திறந்துபோட்ட மானிட்டர்களுக்கு நடுவே கூடுவோம். சங்கத்தின் தலைவன் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் “சார்ஜர் இருக்கா?” என்று கேட்பான்; பெயரே சார்ஜர் ஆகிவிட்டது. அவன் ஒரு நடுவர்; இன்னொருவர் நோட்டம்மா. எங்கள் வானொலிக் குழுவுக்கு இசைத்தாள் பிரதியெடுத்தவர். அவர் எழுதிய புள்ளியில் ஈ உட்கார்ந்தால் ஈதான் வெட்கப்பட்டுப் பறக்கும்.

அந்தச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் இருபத்தேழாம் எண்ணை வாசித்துக் காட்டியது. உறைந்த ஏரியை ஒரு படகு கடக்கிற பழைய விளையாட்டின் மெட்டு. முதல் நாலு வரியிலேயே நிமிர்ந்துவிட்டேன். அடியில் செல்லோக்கள், மேலே புல்லாங்குழல், நடுவில் ஒற்றை ஹார்ன் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. நிற்கவில்லை.

“இது மனுஷன் ஊதறதா, சைக்கிள் பம்பு ஊதறதா?” என்றார் நோட்டம்மா. “கம்ப்யூட்டருக்கு நுரையீரல் கிடையாது, எவ்வளவு வேணா இழுக்கும். நம்ம ஹார்ன்காரப் பிள்ளை மேடையில இதை வாசிச்சா அன்னிக்கே ஆம்புலன்ஸ்தான்.”

“எனக்குப் புல்லரிக்குது அக்கா. நான் சரி போடறேன்” என்றான் சார்ஜர்.

“உனக்கு செல்போன் ரிங் ஆனாலே புல்லரிக்கும். நான் இல்லைன்னு போடறேன்.”

சார்ஜர் தாளைப் பார்த்தான். “இருங்க, குறிப்பு ஒண்ணு எழுதியிருக்காங்க. ‘ஹார்ன் நடுவில் மூச்சு எடுக்கக் கூடாது. ஒரு நிமிடம் பத்து நொடி. முடியாது என்று நினைக்க வேண்டாம். ஒருவர் ஒரே மூச்சில் வாசித்துக் கேட்டிருக்கிறேன்.’”

உலகத்தில் அந்தப் பொய்யைச் சொன்னவன் ஒரே ஒருவன்தான். அவன் அப்போது நோட்டம்மாவுக்கு எதிரே ஒரு கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பல வருஷம் முந்தி, என் மகளுக்கு எட்டு வயது. அந்த விளையாட்டில் படகை ஓட்டிக்கொண்டே, “அப்பா, உங்களால இதை இப்படி நிக்காம வாசிக்க முடியுமா?” என்றாள். முடியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாத வாய் இது. மறுநாள் ஸ்டுடியோவில் என் பக்கத்து நாற்காலிக்காரனையும் சேர்த்துக்கொண்டு, நான் மூச்சு எடுக்கும்போது அவன் ஊத, அவன் எடுக்கும்போது நான் ஊத, ஒட்டு தெரியாமல் கேசட்டில் பதிவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். “ஒரே மூச்சு” என்றேன். நாடா தேய்ந்து நூலாகிற வரை கேட்டாள்.

வெளிநாட்டில் இருக்கிற அவள் ஆறு வருஷமாக ஊருக்கு வரவில்லை. ஞாயிறுதோறும் போன். லீவு இல்லைப்பா, வேலை மாறுதுப்பா, அடுத்த வருஷம்ப்பா. போன மாதம்தான், “ஒரு விஷயம் அமைஞ்சா இந்தத் தடவை கண்டிப்பா வருவேன். என்னன்னு கேக்காதீங்க” என்றாள். நான் நடுவர் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன்.

“நீங்கதானே சார் ஹார்ன் ஆளு? உங்க கையிலதான் இருக்கு” என்றார் நோட்டம்மா.

“திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. வாசிச்சே பாத்துடறேன்.”

வீட்டில் பெட்டியைத் திறந்து, வால்வுகளுக்கு எண்ணெய் விட்டு, கடிகாரத்தை எதிரில் வைத்து ஊதினேன். பத்தொன்பது நொடி. கண்ணில் நட்சத்திரம் மட்டுமில்லை, இரண்டு கிரகமும் தெரிந்தன. மறுபடி ஊதினேன். பதினேழு. மேல்வீட்டுக்காரர் வந்து, “உள்ள மாடு ஏதாவது மாட்டிக்கிச்சா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் நான் காயப்போட்ட துணி. அதை மடித்து அடுக்கினேன், மெத்தை உறையை மாற்றினேன், ஜன்னலைத் திறந்துவைத்தேன். ‘சரி’ என்று ஒரு சொல் எழுதினால் இந்தக் கட்டிலில் ஆள் படுக்கும். ஒத்திகையில் அந்த ஹார்ன்காரப் பையன் திணறுவான். எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள். முன் வரிசையிலிருந்து அவளும் பார்ப்பாள். “எங்கப்பா வாசிச்சாரே” என்பாள். அவன் காலத்துக்கும் தன் நெஞ்சைச் சந்தேகப்படுவான்.

திங்கட்கிழமை தாளில் எழுதினேன்: ‘இல்லை. மற்ற எல்லாம் அருமை. செல்லோக்களை இப்படி எழுத எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் வராது. ஆனால் ஹார்ன் ஒரே மூச்சில் முடியாது. நீங்கள் கேட்ட கேசட்டில் வாசித்தது இரண்டு பேர்.’

கேசட் என்று குறிப்பில் எங்கும் இல்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

“ரெண்டு பேராப்பா?”

“ரெண்டு பேர்மா.”

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

“பன்னெண்டு வயசுல ஹார்ன் கத்துக்கறேன்னு ஆரம்பிச்சேனே, ஞாபகம் இருக்கா? தினமும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு எண்ணிக்கிட்டே ஊதுவேன். இருபதுக்கு மேல போகவே இல்ல. எனக்கு நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். அதான் விட்டேன்.”

“பரீட்சைன்னு சொன்னியேம்மா.”

“பின்ன? உங்ககிட்ட போய் முடியலன்னு சொல்ல முடியுமா?”

மேஜைமேல் கிடந்த ஹார்னை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

“உங்களால எவ்வளவு முடியும்? நிஜமா சொல்லுங்க.”

“இப்ப பத்தொம்பது. அப்ப நாப்பது.” வாய் பழக்கதோஷம். “இல்ல, முப்பது. முப்பதுகூட இல்ல, இருபத்தெட்டு.”

“பன்னெண்டு வயசுக்கு இருபது!” என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சியது கேட்டது. “நான் வர்றதுக்குத்தான் அதை அனுப்பினேன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இல்லைன்னு போட்டீங்க?”

“ம்.”

“இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். அதுக்கு நடுவுல, இப்படி ஒரு அழைப்பு இல்லாம, இங்க லீவு கேக்கவே முடியாது.” பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம். “சரி, ரெண்டு ஹார்ன்னு மாத்திடறேன். எங்க மாத்திக்கிட்டீங்க, யார் எங்க நுழைஞ்சீங்கன்னு சொல்லுங்க. பேப்பர் எடுத்துட்டேன்.”

“சொன்னா புரியாது. நான் முதல் ஹார்ன் பாடறேன். நிறுத்தினதும் நீ எடுத்துக்கோ.”

பாடினேன். என் குரலுக்குப் பயந்து காகங்கள் வேறு ஊருக்குக் குடிபோனது ஊரறிந்த விஷயம். மூச்சு முட்டியதும் நிறுத்தினேன். அவள் எடுத்தாள், அரை நொடி தாமதமாக.

“முன்னாடியே வா” என்றேன்.

“நீங்க நிறுத்தின உடனேதான்பா பாடறேன். இவ்வளவு தூரம் போன்ல வந்து சேர்றதால உங்களுக்கு லேட்டா கேக்குது, அவ்வளவுதான்.”

மறுபடி முயன்றோம். மூன்று தடவை, நாலு தடவை. நான் நிறுத்துவேன், ஒன்றுமில்லாத ஓர் அரை நொடி போகும், அப்புறம் அவள் குரல் வந்து சேரும்.

“இன்னொரு தடவை” என்றாள்.