பேயின் கைக்குச் சொந்தக்காரி

மூன்றாம் மாடியில் இருந்த அந்தப் பேய் விளையாட்டுக் கூடத்தில் ஐஸக்காவுக்கு இரண்டு வேலை. கண்ணையும் காதையும் மூடுகிற ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெளியே எதுவும் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் சுவரில் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குள் அவர்கள் நிலவறைப் படியில் இறங்கும்போது, ஐஸ் வாளியில் ஊறிய கையை எடுத்துப் பின்னங்கழுத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது வேலையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

வி.ஆர். என்கிற மெய்நிகர் விளையாட்டு கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றும். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தத்தில் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தொடுவதற்கு அதற்குக் கை இல்லை. அந்தக் குறையை முதலாளி ஒரு வாளியைக் கொண்டு மூடி மறைத்துவிட்டார். நாளுக்கு நாற்பது கழுத்து. விரலெல்லாம் மரத்துப்போய், வீட்டில் ஊசியில் நூல் கோக்கக்கூட ஐஸக்கா மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

போன வாரம் ஒரு விமர்சகர் வந்தார். விளையாட்டுகளை அக்குவேறு ஆணிவேறாக அலசி எழுதுகிறவர் என்று பேர். கழுத்தில் கை பட்டதும் அலறிக்கொண்டு முழங்கையைப் பின்னால் வீசினார். ஐஸக்காவின் உதடு கிழிந்தது. அவர் ஹெட்செட்டைக் கழற்றுமுன் முதலாளி அவளைப் பின்கதவு வழியாக வெளியே தள்ளிவிட்டார். தையல் போட்டுக்கொண்டு வீங்கிய வாயோடு வீடு திரும்பினாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரு பாவமும் அறியாத அவள் வீட்டுக்காரரை முறைக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு விமர்சனம் வந்தது. முதலாளி அதைப் பெரிதாக அச்சடித்து வாசலில் ஒட்டினார். குறைகள்: தலைசுற்றல், ஹெட்செட்டின் கனம், கதை என்று ஒன்றும் இல்லாதது. நிறை ஒன்றே ஒன்று, அந்தக் குளிர்ந்த கை. 'பயத்தில் முழங்கையை வீசினேன். எதிலோ பட்டது போல இருந்தது. ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தால் வெறும் காற்றுதான். அபாரமான தொழில்நுட்பம்' என்று முடித்திருந்தார்.

காற்றாம். காற்றுக்கு எந்த ஊரில் தையல் போடுகிறார்கள்? ஐஸக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு மனுஷி நின்றாள் என்று அந்த விமர்சகரிடம் சொல்லிவிடுங்கள், அது போதும் என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

"நீ இருக்கிறது தெரியாம இருக்கிறதுதாம்மா நம்ம பலமே. வாயத் தொறந்தா வேலை இல்ல, பாத்துக்க."

இரண்டு நாள் கழித்து அதே விமர்சகர் நண்பர்கள் பட்டாளத்தோடு வந்து இறங்கினார். மத்தியான நேரம். கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் நீண்ட வரிசை. எப்படி இருக்கிறது என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று அவரே முதலில் உள்ளே போனார். ஐஸக்கா அவர் தலையில் ஹெட்செட்டை மாட்டி, பின்னால் வாரை இறுக்கினாள். ஐஸ் வாளியைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கைகட்டி நின்றாள்.

நிலவறைப் படி வந்தது. விமர்சகர் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். எதுவும் தொடவில்லை. எப்போது வரும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் மனிதருக்கு வியர்த்து ஊற்றியது. சுற்றிச் சுற்றித் திரும்பியதில் ஒயர் காலில் சிக்கி முட்டி போட்டு விழுந்தார். வாரை அவிழ்க்க வரவில்லை. இரண்டு கையாலும் துழாவினார்.

"யாராவது பிடிங்களேன்."

முதலாளி திரை இடுக்கில் தலையை நீட்டி, பிடி பிடி என்று கண்ணால் கெஞ்சினார். ஐஸக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரைக் கூப்பிடுறீங்க சார்?" என்று வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"உங்களத்தான். பக்கத்துல நிக்கிறீங்கள்ல, உங்களத்தான்."

"போன வாரமும் நான்தான் நின்னேன்."

துழாவிய கைகள் அப்படியே நின்றன.

"அப்போ... உங்க மேலயா பட்டுச்சு?"

"உதட்டுல. ரெண்டு தையல்," என்றாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள்.